குளிரில் இறுகும் இரண்டாம் கியரும் கியர் பாக்ஸ் ஆயிலும்

குன்னூரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். ஐந்து கியர் கொண்ட சிறிய பெட்ரோல் கார். பத்து ஆண்டுகளைக் கடந்து, தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர் பாக்ஸ் ஆயில் ஒருமுறையாவது மாற்றப்பட்டதற்கான பில் எதுவும் உங்களிடம் இல்லை. காலையில் வண்டியை எடுத்ததும் முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது லிவர் முரண்டு பிடிக்கிறது, நாலைந்து கிலோமீட்டர் ஓடியபின் தானாகவே சரியாகிவிடுகிறது. ஒரு மெக்கானிக் கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார். நண்பர் ஒருவர் தம் ஜீப்பின் பின் ஆக்சிலுக்கு வாங்கி மீந்திருக்கும் கிரவுன் ஆயிலைத் தருகிறேன், வீட்டிலேயே மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். வீட்டிலேயே மாற்றலாமா என்பதுதான் நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன: ஆயிலை மாற்றினால் இந்தக் கோளாறு தீருமா, நண்பர் தரும் ஆயில் இதற்கு ஏற்றதா. சுருக்கமாகச் சொன்னால், வீட்டில் மாற்றலாம்; கோளாறு தீர நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி இல்லை; நண்பரின் ஆயிலை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் படித்து, பின்னர் பல ஆண்டுகளாகக் கார்களின் கியர் பாக்ஸ்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலையில் இருப்பவன். எனவே பல்சக்கரங்கள், ஆயில், சீல் பற்றிப் பழக்கத்தின் துணையோடு சொல்ல முடியும். வண்டியைக் கண்ணால் பார்க்காமல், லிவரைக் கையால் பிடித்துப் பார்க்காமல், உள்ளே எந்த உதிரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதுவது உங்களுடையதைப் போன்ற, முன் சக்கரங்களால் இழுக்கப்படும், இன்ஜின் குறுக்காக வைக்கப்பட்ட, கையால் கியர் மாற்றும் கார்களுக்கு மட்டுமே பொருந்தும். சிவிடி எனப்படும் பெல்ட் வகை ஆட்டோமேட்டிக், இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் போன்றவற்றின் ஆயில், வெப்பநிலை பார்த்து நிரப்பும் முறை எல்லாமே வேறு. அவற்றை வீட்டில் தொட வேண்டாம்.

காலையில் இரண்டாவது கியர் மட்டும் ஏன் இறுகுகிறது என்பது புரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும். சிறிய கார்களில் முதல் கியரின் விகிதம், அதாவது வெளித் தண்டு ஒருமுறை சுற்ற உள் தண்டு சுற்ற வேண்டிய எண்ணிக்கை, மூன்றரையை ஒட்டியும், இரண்டாவதன் விகிதம் இரண்டுக்குச் சற்றுக் கீழேயும் இருக்கும். முதல் கியரில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் கிளட்சை மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் இரண்டாவது கியர் விழ வேண்டுமானால், கிளட்ச் பிளேட்டும் அதோடு சுழலும் உள் தண்டும் ஏறக்குறைய 1,600 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். மூன்றிலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து ஐந்துக்கும் போகும்போது இவ்வளவு பெரிய இறக்கம் தேவைப்படுவதில்லை. இந்த இறக்கத்தைச் செய்து முடிப்பது சின்க்ரோ ரிங் எனப்படும் ஒரு சிறிய வளையம். பெரும்பாலும் பித்தளையால் ஆனது. உள்பக்கம் கூம்பு வடிவில் இருக்கும். விரல் நகத்தை அதன்மேல் ஓட்டினால் மிக நுண்ணிய மரை வெட்டியதுபோன்ற வரிகள் தட்டுப்படும். நீங்கள் லிவரைத் தள்ளும்போது இந்த வளையம் கியரின் கூம்பின்மேல் அழுந்தி, உராய்வினால் அதன் வேகத்தைக் குறைக்கிறது. இரண்டு வேகமும் ஒன்றாகும் வரை வளையத்தின் வெளிப்பற்கள் குறுக்கே நின்று லிவரைத் தடுக்கும், ஒன்றானதும் வழிவிடும்.

உராய்வு பிறக்க வேண்டுமானால் வளையத்துக்கும் கூம்புக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் விலக வேண்டும். டயரின் பள்ளங்கள் மழைநீரை ஒதுக்கிவிட்டுத் தார்ச்சாலையைப் பற்றுவதுபோல, அந்த நுண்ணிய வரிகள் ஆயிலை வழித்து ஒதுக்குகின்றன. ஆயில் குளிரில் தடித்திருந்தாலோ, வரிகள் தேய்ந்து மழுங்கியிருந்தாலோ படலம் விலகத் தாமதமாகும். அந்தத் தாமதத்தைத்தான் உங்கள் கை முரண்டாக உணர்கிறது. குன்னூரில் மார்கழி, தை மாதக் காலைகளில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம் என்பதால் முதல் காரணத்துக்கு இடமிருக்கிறது. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலுமே ஓடுகிறது, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குகிறீர்கள். ஆகவே சமவெளியில் ஓடும் வண்டியைவிட உங்கள் வண்டியின் இரண்டாம் கியர் வளையம் அதிகம் உழைத்திருக்கும் என்பதால் இரண்டாவது காரணத்துக்கும் இடமிருக்கிறது. ஆயில் மாற்றுவதால் முதலாவது தீரும். இரண்டாவது தீராது.

எது என்று பிரித்தறியச் சில சோதனைகளை, ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல் செய்யலாம். காலையில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன், கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோதே லிவர் எல்லாப் பக்கமும் கனமாக இருந்தால் கியர் கேபிள், அதன் புஷ், லிவரின் அடிப்பகுதி ஆகியவற்றையும் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, இன்ஜினைக் கிளப்பி, வண்டி நின்ற இடத்திலேயே கிளட்சை முழுவதுமாக மிதித்து, ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் கியரை மெதுவாகப் போடுங்கள். அவ்வளவு நேரம் பொறுத்தும் கர்ரென்று பல் உரசினால் கிளட்ச் முழுமையாக விடுவதில்லை. கோளாறு கியர் பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது, ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. மூன்றாவதாக, வண்டி நன்கு சூடான பிறகு, மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்குச் சற்று விரைவாக இறக்கிப் பாருங்கள். சூட்டிலும் நறநறவென்று சத்தம் வந்தால் வளையம் தேய்ந்திருப்பது ஏறக்குறைய உறுதி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சத்தம் எதுவும் இல்லை, சூடானதும் சரியாகிவிடுகிறது. அந்த அளவில், கியர் பாக்ஸைப் பிரிப்பதற்கு முன் ஆயிலை மாற்றிப் பார்ப்பதே நியாயமான வரிசை என்று நினைக்கிறேன். பிரித்துச் சேர்ப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இரண்டரை லிட்டர் ஆயிலின் விலை ஒன்றுமே இல்லை.

இன்ஜின் ஆயிலைப்போல கியர் பாக்ஸ் ஆயில் கரியாலும் எரிபொருளாலும் கெடுவதில்லை. அதனால்தான் நீண்ட நாள் தாங்குகிறது. ஆனால் கெடாது என்பது தவறு. பல்சக்கரங்களின் நடுவே ஓயாமல் அரைபட்டு அதன் பிசுபிசுப்பு குறைகிறது. சூட்டில் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து கருக்கிறது. பல்சக்கரங்களிலிருந்தும் வளையங்களிலிருந்தும் உதிரும் உலோகத் துகள் எல்லாம் வடிகட்ட ஃபில்டர் இல்லாமல் அதிலேயே தங்குகிறது. சில நிறுவனங்கள் வண்டியின் ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்கின்றன, சில நிறுவனங்கள் குறிப்பிட்ட கிலோமீட்டர் கணக்கு தருகின்றன. உங்கள் வண்டியின் கையேட்டில் எண் இருந்தால் அதுவே சட்டம். எண் இல்லையென்றால், மலைப்பகுதியில் ஓடும் வண்டிக்கு அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது மாற்றுவது என் வழக்கம். இது அனுபவத்தில் வந்த கணக்கே தவிர, ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டது அல்ல.

இனி ஆயில். இந்த வேலையில் வீட்டில் செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் கடையில்தான், காருக்கு அடியில் அல்ல. கியர் ஆயில் டப்பாவில் இரண்டு விவரங்கள் இருக்கும்: ஒன்று 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 போன்ற தடிப்பு எண், மற்றொன்று ஏபிஐ ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்ற தரக்குறி. ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4ஐவிட உயர்ந்தது, ஆகவே எதற்கும் ஊற்றலாம் என்று கடைக்காரரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி அல்ல. உங்கள் நண்பர் தரும் கிரவுன் ஆயில் போன்ற ஜிஎல்-5 ஆயில் ஜீப், லாரி ஆகியவற்றின் பின் ஆக்சிலில் இருக்கும் ஹைப்பாய்டு வகைப் பல்சக்கரங்களுக்காக உருவானது. அங்கே பினியன் கிரவுன் வீலின் மையத்திலிருந்து விலகி அமைந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு கடும் அழுத்தத்தில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன; அதைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மானங்கள் அதில் மிகுதியாகக் கலக்கப்படுகின்றன. உங்கள் காரில் இன்ஜின் குறுக்காக இருப்பதால், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஓட்டுவது சாதாரணச் சாய்பல் சக்கரங்கள், ஹைப்பாய்டே கிடையாது. அந்தச் சேர்மானங்கள் அங்கே தேவையில்லாமல் போவதோடு, உராய்ந்தே வேலை செய்ய வேண்டிய சின்க்ரோ வளையத்தை வழுக்கவும் விடுகின்றன. கையேட்டில் ஜிஎல்-4 என்று இருக்கும் வண்டியில் ஜிஎல்-5 ஊற்றியபின் கியர் விழத் தயங்குவதற்குக் காரணம் இதுதான். இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியது.

ஜிஎல்-5 ஆயில் பித்தளையை அரித்துத் தின்றுவிடும் என்றும் பலர் எழுதுகிறார்கள். இதைச் சற்று நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சூட்டில் கந்தகம் செம்பு கலந்த உலோகங்களைத் தாக்கும் என்பது வேதியியல் உண்மை. பழைய காலத்து ஆயில்களில் அது நடந்தும் இருக்கிறது. ஆனால் இன்றைய ஆயில்களில் உலோகத்தைக் காக்கும் சேர்மானங்களும் சேர்க்கப்படுகின்றன, செம்புப் பட்டையை வைத்துச் செய்யும் அரிமானச் சோதனை ஜிஎல்-5 தகுதிக்கான சோதனைகளிலேயே ஒன்று. ஆகவே ஒரு மாதம் தவறான ஆயிலில் ஓடிய வண்டியின் வளையங்கள் எல்லாம் கரைந்துபோயிருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றினால் போதும். டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் சேர்த்து அச்சிட்டிருக்கும் ஆயில்களும் உண்டு. அவற்றில் சில நன்றாகவே இருக்கலாம். எனினும் கையேடு ஜிஎல்-4 என்று மட்டும் சொல்லும்போது நான் அவற்றை வாங்குவதில்லை.

தடிப்பு எண்ணைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். கியர் ஆயிலின் 90 என்பது இன்ஜின் ஆயிலின் 40ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் தடித்தது அல்ல. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி சூட்டில் அளந்தால், எஸ்ஏஇ 90 கியர் ஆயிலும் எஸ்ஏஇ 40 இன்ஜின் ஆயிலும் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில் வரும். முன்னால் உள்ள 75டபிள்யூ, 80டபிள்யூ என்பவை குளிரில் எவ்வளவு ஓடும் என்பதைக் காட்டுகின்றன: 75டபிள்யூ ஆயில் மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூ ஆயில் மைனஸ் 26 டிகிரியிலும் குறிப்பிட்ட தடிப்பைத் தாண்டக்கூடாது என்பது விதி. நீலகிரியில் அந்தக் குளிர் வரப்போவதில்லை என்றாலும், ஆறேழு டிகிரியில் இரண்டுக்கும் வேறுபாடு கையில் தெரியும். எனவே கையேடு 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 இரண்டையும் அனுமதித்தால் நீங்கள் 75டபிள்யூவைத் தேர்ந்தெடுங்கள். சின்தெட்டிக் ஆயில் என்பதால் விலை கூடும், உங்கள் ஊருக்கு அது தகும். கையேடு சொல்லாத தடிப்புக்குத் தாவ வேண்டாம். சில நிறுவனங்களின் கியர் பாக்ஸ்கள் இந்த வழக்கமான ஆயில்களையே கேட்பதில்லை. ஹோண்டா தன் சொந்த எம்டிஎஃப் என்ற மெல்லிய ஆயிலையே குறிப்பிடுகிறது, வேறு சில நிறுவனங்களின் சில மாடல்களில் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட் ஊற்றச் சொல்லியிருக்கும். அதனால் பக்கத்து வீட்டுக் காருக்குச் சரியான ஆயில் உங்கள் காருக்கும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. உராய்வைக் குறைக்கும் என்று விற்கும் சேர்மானப் புட்டிகளை இதில் கலக்கவே கூடாது. இங்கே நமக்கு ஓரிடத்தில் உராய்வுதான் தேவை.

வேலைக்கு வருவோம். உங்கள் வீட்டு முன் தளம் சரிவாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சரிவில் காரை ஜாக்கியில் தூக்கக்கூடாது. டிக்கியில் இருக்கும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி ஒரு நிமிடம்கூடக் காருக்கு அடியில் தலையை வைக்கக்கூடாது. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் அதே அளவு ஆபத்து, சுமை ஏறியதும் அது திடீரென்று நொறுங்கிவிடும். சமதளமான சிமென்ட் தரையில், எடை குறித்த நான்கு ஜாக்கி ஸ்டாண்டுகளில், கையேடு காட்டும் இடங்களில் மட்டும் வண்டியை நிறுத்த வேண்டும். தூக்கும்போது தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகே கீழே போக வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கி நிரப்பினால் அளவு தவறும் என்பதால் நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் இருப்பது அவசியம். இவ்வளவு வசதி இல்லையென்றால், பிட் இருக்கும் வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் கூட்டம் இல்லாத நேரம் கேட்டு, வண்டியை நான்கு சக்கரத்திலும் நிறுத்தியபடியே கீழே நின்று வேலை செய்வது எல்லாவற்றையும்விட மேல். உங்கள் நிலையில் நான் அதைத்தான் செய்வேன்.

அடியில் பார்த்தால் ஆயில் வடிக்கும் போல்ட்டுகள் ஒன்றுக்கு மேல் தெரியும். தவறுதலாக இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டு, கியர் பாக்ஸில் கூடுதலாக ஊற்றி, இன்ஜினை ஆயில் இல்லாமல் ஓட்டிப் பாழாக்கியவர்கள் உண்டு. சக்கரங்களுக்குச் செல்லும் இரண்டு டிரைவ் ஷாஃப்டுகளும் எந்த அலுமினியப் பெட்டிக்குள் நுழைகின்றனவோ அதுவே கியர் பாக்ஸ். அதன் அடியில் இருப்பது வடிக்கும் பிளக். பக்கவாட்டில், அதைவிட உயரத்தில் இருப்பது நிரப்பும் பிளக். பிளக்கின் தலை சில வண்டிகளில் அறுகோணமாகவும், சிலவற்றில் ஆலன் கீ அல்லது சதுரக் குச்சி நுழையும் குழியாகவும் இருக்கும். சரியான அளவுக் கருவி கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். மாற்ற முடியாத விதி ஒன்று உண்டு. நிரப்பும் பிளக்கை முதலில் கழற்ற வேண்டும். பத்து ஆண்டுகளாக அசையாத போல்ட் அது. ஆயிலை எல்லாம் வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் வர மறுத்தால், வண்டியை நகர்த்தவும் முடியாமல் நிரப்பவும் முடியாமல் நிற்க வேண்டியதுதான். இறுகியிருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துக் காத்திருந்து, நீளக் கைப்பிடி கொண்ட பாக்ஸ் ஸ்பேனரில் மெதுவாக விசை கொடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் வடிக்கும் பிளக்கைத் தொடாமலேயே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்லலாம்.

வேலைக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை ஓட்டி வாருங்கள். வெதுவெதுப்பான ஆயில் அடியில் படிந்த துகளையும் இழுத்துக்கொண்டு இறங்கும். கொதிக்கும் சூட்டில் வேண்டாம்; பக்கத்தில் சைலன்சர் குழாயும் இருக்கும். மூன்று லிட்டராவது கொள்ளும் அகலத் தட்டை வைத்து, கடைசி மரைகளைக் கையால் சுற்றி, பிளக்கை உள்நோக்கி அழுத்தியபடியே திருகிச் சட்டென்று விலக்கினால் ஆயில் முழங்கை வரை வழியாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். கியர் ஆயிலுக்கென்றே ஒரு கந்தக நெடி உண்டு, சட்டையில் பட்டால் பல சலவைக்கு நிற்கும்.

வடியட்டும் என்று விட்டுவிட்டு, கழற்றிய பிளக்கைக் கையில் எடுங்கள். பல வண்டிகளில் அதன் நுனியில் காந்தம் இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் களிம்புபோல ஒட்டியிருப்பதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பாருங்கள். மைபோல வழவழவென்று பரவினால் அது இயல்பான தேய்மானம். தொண்ணூறாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு நல்ல படலமாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். விரலில் நெருடும் துணுக்குகள், ஊசிபோன்ற துண்டுகள், ஒரு பக்கம் பளபளவென்று உடைந்த முகம் தெரியும் சில்லுகள் கிடைத்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி, பிரித்துத்தான் ஆக வேண்டும். பிறகு தட்டில் உள்ள ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்துகள் தூவியதுபோல மின்னினால் அது காந்தத்தில் ஒட்டாத பித்தளை, அதாவது சின்க்ரோ வளையத்தின் தேய்மானம். இலேசான மினுமினுப்பு எல்லாப் பழைய பெட்டிகளிலும் இருக்கும். அடர்த்தியாக இருந்தால், ஆயில் மாற்றியும் இரண்டாவது கியர் முழுமையாகச் சரியாகாமல் போகலாம் என்பதற்கு அது முன்னறிவிப்பு. எவ்வளவு மினுமினுப்பு இயல்பு என்பதற்கு அளவுகோல் கிடையாது, பார்த்துப் பழகிய கண்ணால்தான் சொல்ல முடியும். ஆகவே ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்து வைத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆயில் பால்கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னை வண்டிகளில் பார்த்த கோளாறு இது. சூடான கியர் பாக்ஸ் தண்ணீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி, மேலே இருக்கும் பிரீதர் எனும் காற்றுத் துளை வழியாகவும் சீல் ஓரங்கள் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் வண்டியைச் சமவெளியில் யாரிடமிருந்தோ வாங்கியதாகச் சொல்வதால் இதையும் கவனியுங்கள். அப்படி இருந்தால் புதிய ஆயில் ஊற்றிச் சில கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் ஒருமுறை வடித்து ஊற்ற வேண்டும். எந்த நிலையிலும் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவ வேண்டாம். இதைச் செய்யும் பட்டறைகள் உண்டு. பேரிங்குகளின் மூலைகளில் தங்கும் டீசல் புதிய ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும் என்பதைத் தவிர அதனால் விளையும் நன்மையை நான் கண்டதில்லை.

சொட்டுவது நின்றதும் பிளக்கைப் பனியன் வேஸ்ட்டால் நன்றாகத் துடைத்து, புதிய செம்பு அல்லது அலுமினிய வாஷர் போட்டு மூடுங்கள். சில வண்டிகளில் வாஷருக்குப் பதிலாக மரையில் சீலண்ட் தடவச் சொல்லியிருக்கும். பெட்டி அலுமினியம், சக்கர நட்டை இறுக்குவதுபோல ஏறி மிதித்தால் மரை வழுக்கிவிடும், அதைச் சரிசெய்வது இந்த வேலையைவிடப் பல மடங்கு பெரிய வேலை. கையேடு தரும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவதே முறை. பிறகு மேல் துளை வழியாகக் கைப்பம்பாலோ, பெரிய சிரிஞ்சாலோ, இன்ஜின் பக்கத்திலிருந்து இறக்கிய நீண்ட குழாயும் புனலும் கொண்டோ நிதானமாக ஊற்றுங்கள். சிறிய கார்களில் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் வரை பிடிக்கும். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு ஆயில் மெல்லியதாக வழியத் தொடங்கினால் அளவு சரி. வழிவது நிற்கும் வரை பொறுத்து மூடுங்கள். இது பெரும்பாலான வண்டிகளின் முறை. சில மாடல்களில் அளவுத் துளையே இராது, லிட்டர் கணக்கில் அளந்துதான் ஊற்ற வேண்டும். ஆகவே வடித்த ஆயிலையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வடித்தது மிகவும் குறைவாக இருந்தால், இத்தனை நாள் எங்கோ கசிந்திருக்கிறது என்று பொருள். டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்துச் சீல்களைப் பாருங்கள். குறைவான ஆயிலில் ஓடும் பெட்டிகளில், பலவற்றில் ஓரத்து மூடிக்குள் தனியே அமைந்திருக்கும் ஐந்தாவது கியரும் மேல் பேரிங்குகளுமே முதலில் காயும். கூடுதலாக ஊற்றினாலும் நல்லதல்ல, ஆயில் நுரைத்துச் சூடேறிச் சீல் வழியே வெளியேறும்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். கரையானுக்கு மரத்தூணில் பூசலாம் என்று கேட்டு வாங்குவோர் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்; உலோகத் துகளும் கந்தகச் சேர்மானமும் கலந்த இந்த ஆயிலை வீட்டுக்குள் கொண்டுபோவது தவறு, கொடுக்காதீர்கள். 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு வகையில் வருகிறது. உங்கள் ஊர்போல ஓடைக்குப் பக்கத்தில் வீடுகள் இருக்கும் மலையில் இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். புதிய ஆயில் வந்த அதே டப்பாவில் ஊற்றி மூடி, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைத்துவிடுங்கள்.

மாற்றிய அன்று அரைமணி நேரம் ஓட்டிவிட்டு இரண்டு பிளக்குகளையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். இரண்டாவது கியரில் மாற்றம் முதல் குளிர்க் காலையிலேயே ஓரளவு தெரிய வேண்டும், சில நூறு கிலோமீட்டர் ஓடும்போது இன்னும் கொஞ்சம் இளகலாம். குளிரில் புத்தம்புதுக் கார்களிலேயே இரண்டாவது கியர் முதல் சில நிமிடங்களுக்குச் சற்றுக் கனமாகத்தான் இருக்கும் என்பதால், மிச்சமிருக்கும் சிறு கனத்தைக் கோளாறாக எண்ண வேண்டாம். லிவரை அடித்துத் தள்ளாமல், நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, சீரான அழுத்தத்தோடு விடுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் கடந்தும் முரண்டு அப்படியே இருந்தாலோ, சூட்டிலும் நறநறப்புத் தொடங்கினாலோ, எடுத்து வைத்த ஆயில் புட்டியோடு மெக்கானிக்கிடம் செல்லுங்கள். முதலில் கிளட்ச் முழுமையாக விடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்து, பிரிப்பதுதான் வழி என்று முடிவானால், இரண்டாம் கியர் சின்க்ரோ ரிங்கோடு அது அமரும் கியரின் கூம்பு முகத்தையும், லிவரோடு நகர்ந்து கியரைப் பூட்டும் ஸ்லீவின் பற்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியை எப்படியும் இறக்குவதால் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிட்டால் இரண்டாவது முறை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.